காதுக்குப் பின்னால் ஒரு ரயில்

"சபரி அம்மா, இது உங்க வேலையா?"

நர்சரி வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ப்ரியம்வதா கேட்டிருந்தாள். கூடவே ஒரு போட்டோ. அவள் மகள் அம்முவின் காதுக்குப் பின்னால், நகத்தளவில் ஒரு பூனை ஸ்டிக்கர்.

அவ்வளவுதான். குரூப் பற்றிக்கொண்டது.

என் பையன் காதிலும் இருந்தது, தோலில் அலர்ஜி வந்தால் யார் பொறுப்பு, வகுப்பில் டீச்சர் என்னதான் செய்கிறார் என்று இந்தியிலும் மராத்தியிலும் இங்கிலீஷிலும் கண்டனங்கள் வந்து விழுந்தன.

தாபோடி வீட்டில், குக்கர் வைக்கப் போன சபரியின் அம்மா மல்லிகாவுக்குக் கை ஓடவில்லை. அந்தப் பூனையை வரைந்தவள் அவள்தான்.

சபரிக்கு நாலு வயது. காது மெஷின் மாட்டிய பிறகுதான் பையனுக்குப் பேச்சே வர ஆரம்பித்தது. பள்ளியில் ஏதோ ஒரு வாண்டு, "உன் காதுல என்ன பூச்சி?" என்று கேட்டுச் சிரித்துவிட, மறுநாளே மெஷினைப் பிடுங்கி எறிந்தான். கெஞ்சியாச்சு, கொஞ்சியாச்சு, ஒரு தரம் அடித்தும் பார்த்தாச்சு. ஊஹூம்.

"மெஷின் போடலைன்னா வந்த பேச்சும் நின்னுடும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து மல்லிகாவுக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு நாள் வெள்ளைத் தாளில் குட்டியாக ஒரு ரயில் இன்ஜின் வரைந்தாள். மேலே செல்லோ டேப், பின்னால் டபுள் டேப். ஓரம் கத்தரித்து, மைக் ஓட்டையை மறைக்காமல் மெஷின் மேல் ஒட்டினாள்.

சபரி கண்ணாடி முன்னால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்றைக்கு மெஷினைக் கழற்றவே இல்லை.

அப்புறம் தினமும் காலையில் ஆர்டர்தான். "பஸ்." "பூனை." "வடா பாவ்."

போன வாரம் புதிதாக ஒன்று கேட்டான். "நெறைய!"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பையன் வாயிலிருந்து ஒரு புது வார்த்தை வந்த சந்தோஷத்தில், பட்டர் பேப்பர் முழுக்கச் செய்து கொடுத்துவிட்டாள். துரை அதை வகுப்பு முழுக்க வாரி வழங்கியிருக்கிறார்.

போன் அடித்தது. ப்ரியம்வதா.

"வீட்டுலதானே இருக்கீங்க? மாமனாரைக் கூட்டிண்டு நேர்ல வரேன்."

மாமனாரா! சுப்ரமணியன் சார் தினமும் அம்முவைக் கூட்டிப்போக ஸ்கூல் கேட்டுக்கு வருவார். இவள் வணக்கம் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அப்படி ஒரு திமிர்.

ஸ்கெட்ச் பேனாக்களையும் டேப்பையும் அள்ளி அலமாரி உச்சியில் வைத்தாள்.

"சபரி, நாளையிலேர்ந்து ஸ்டிக்கர் கிடையாதுடா. எல்லாரும் திட்டுறாங்க."

சபரி அவளையே பார்த்தான். பிறகு காதிலிருந்து மெஷினைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, தரையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

காலிங் பெல் அடித்தது.

கதவைத் திறந்த கையோடு மல்லிகா ஆரம்பித்துவிட்டாள். "மன்னிச்சிடுங்க சார். இவன் மெஷின் போட்டுக்கணும்னுதான் செஞ்சேன். இனிமே வேற பிள்ளைங்களுக்குக் குடுக்க மாட்டான். இவன் ஒருத்தனுக்கு மட்டும் ஒட்டிக்கிறேன். அதையும் வேணாம்னு சொல்லிடாதீங்க சார்."

சுப்ரமணியன் வாயே திறக்கவில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மல்லிகாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"ஐயோ, எதுக்கு மன்னிப்பெல்லாம்?" என்று பதறினாள் ப்ரியம்வதா. "நீங்க சொன்னது எதுவும் அவர் காதுல விழுந்திருக்காது."

"என்னக்கா சொல்றீங்க?"

"ரெண்டு காதும் மந்தம். மெஷின் வாங்கி ரெண்டு வருஷமாச்சு. போட்டுண்டா நாலு பேர் கிழவன்னு சொல்லுவாளாம், பீரோவுலயே பூட்டி வெச்சுட்டார். இந்த அம்மு என்னடான்னா, வெறும் காதுல ஸ்டிக்கர் நிக்கலை, சபரி மாதிரி மெஷின் வாங்கிக் குடுன்னு ஒரே அழுகை. நேத்து பீரோவைக் குடைஞ்சு இவரோடதை எடுத்துண்டு வந்துட்டா. 'உங்கிட்டதான் இருக்கே தாத்தா, நீ ஏன் போட்டுக்கல?'ன்னு காதுகிட்ட கத்தினா. இன்னிக்கு மனுஷர் தானே டப்பாவைப் பையில போட்டுண்டு கிளம்பிட்டார்."

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களைத் தனியா கேட்டிருக்கணும். அவசரத்துல குரூப்ல போட்டுட்டேன், அவா எல்லாரும் கச்சேரியை ஆரம்பிச்சுட்டா. என் தப்புதான். நானே எல்லாருக்கும் எழுதிடறேன்." ப்ரியம்வதா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "வீடே கெஞ்சி நடக்காதது உங்க ஸ்டிக்கரால நடந்திருக்கு மல்லிகா. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

அதற்குள் சுப்ரமணியன், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் சபரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார்.

சபரி எட்டிப் பார்த்தான். அவனுடையதைப் போலவே ஒரு மெஷின். ஓடிப்போய் மேஜையிலிருந்த தன் மெஷினை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தான்.

"அம்மா, மாட்டு!"

மல்லிகா மாட்டிவிட்டாள். அதன் மேல் இன்றைக்கு ரயில் இன்ஜின்.

சுப்ரமணியனும் தன்னுடையதை மாட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி அவள் பக்கம் காதைத் திருப்பிக் காட்டினார். காது கேட்காதவர்களின் அந்த உரத்த குரலில் சொன்னார்:

"நேக்கும் ஒரு இன்ஜின் ஒட்டி விடேம்மா. ஸ்கூல் கேட்டுல தினமும் உன் வாய் அசையறதை மட்டும்தான் பாக்கறேன். நாளைக்கு நீ சொல்ற வணக்கத்தைக் காதால கேக்கணும்."