நீல வயர்

சிதறால் மலைக்குத் திரும்புகிற முக்கில் வண்டி நின்றுகிடந்தது. ஐந்தாவது தடவை.

நாகர்கோவிலிலிருந்து உச்சிவெயிலில், மெக்கானிக் சுயம்புலிங்கத்தின் பைக்கில், டூல்ஸ் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வந்து இறங்கிய ரசலையனுக்கு இடுப்பு இடுப்பாக இல்லை. வண்டியைப் பார்த்ததும் ஓங்கி ஒரு மிதி மிதிக்கலாம் போலிருந்தது.

மிதிக்க முடியாது. மகளுக்குக் கொடுத்தது அவரேதான்.

பெரிய வண்டிதான் வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். புதிது வாங்க வக்கில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை சர்ச்சுக்கு மட்டும் ஓட்டிய வண்டி என்று புரோக்கர் சத்தியம் பண்ணினான். பாலீஷ் போட்டு, மாலை சுற்றி, போன மே மாதம் பெமிலாவின் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் நிறுத்தியபோது ஊரே தொட்டுப் பார்த்தது.

மூன்றே மாதம். ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுரோட்டில் பொசுக்கென்று உயிரை விட்டது.

அன்றைக்கு சுயம்புலிங்கம் பானட்டைத் திறந்து ஒரு நீல வயரைக் காட்டினான். டீசல் பம்புக்குப் போகிற வயர். இது கழன்றால் டீசல் போகாது, இஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னான். பெமிலா அவனுக்குக் குடை பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மாட்டினான். ஓடியது.

அதற்குப் பிறகும் அதே வயர், அதே கூத்து.

பக்கத்தில் மார்த்தாண்டத்தில் மெக்கானிக்குகளுக்கா பஞ்சம்? ரசலையன்தான் விடவில்லை. உள்ளூர்க்காரன் எவனாவது பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, இது ஏற்கெனவே பிரித்து மேய்ந்த இஞ்சின் என்று சொல்லிவிட்டால் சம்பந்தி வீட்டில் மானம் கப்பலேறிவிடும். என்ன ஆனாலும் என்னைக் கூப்பிடுங்கள், வேறு எவனும் கைவைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

கூப்பிடுவது எப்போதும் பெமிலாதான். போன் ஸ்பீக்கரில் கிடக்கும். பின்னால் மாமியார் செருமுவது கேட்கும். வண்டி நின்றுவிட்டது, வருகிறீர்களா? அவ்வளவுதான் பேச்சு. மற்ற நாட்களில் இவர் கூப்பிட்டால் "சுகம்பா" என்பதோடு சரி. கிறிஸ்துமஸுக்குக்கூட அனுப்பவில்லை. உங்கள் வண்டியை நம்பி எப்படி அனுப்ப என்று சம்பந்தியம்மா கேட்டாள்.

இப்போது பெமிலா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

"இரி மக்ளே, முதல்ல இந்தச் சனியனப் பாப்போம்" என்று அவள் கையை ஒதுக்கிவிட்டு பானட்டுக்குள் தலையை நுழைத்தார். மருமகன் ஜெனோ டீக்கடை நிழலில் போனை நோண்டிக்கொண்டிருந்தான். மாமனார் வந்திருக்கிறாரே என்று எழும்பக்கூட இல்லை.

சுயம்புலிங்கம் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, போன தடவ டேப்பு சுத்தி, அதுக்கு மேல ஒரு கெட்டும் போட்டு வச்சேன், கேட்டியளா? இது தானா கழரல்ல. பிளேடு வச்சு அறுத்து, வயரப் பாதி உருவி விட்டதாக்கும். ரோட்டுல ரெண்டு குலுக்கு போதும்."

ரசலையனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வண்டி மேல் குற்றமில்லை! எட்டு மாதமாக வயிற்றில் கட்டிக்கொண்டிருந்த நெருப்பு அந்த நிமிடமே அணைந்தது. அடுத்து வந்தது கோபம். எல்லாம் ஜெனோவின் வேலை. புது வண்டி கேட்க வழி பார்க்கிறான். நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று விருட்டென்று திரும்பினார்.

பெமிலா இன்னும் அந்தப் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கட்டைவிரல் நகத்துக்குள் கறுப்பாய் ஆயில் அழுக்கு. ஆள்காட்டி விரலில் பிளேடு கீறிய பச்சைக் காயம்.

அந்தக் கையை அவள் மறைக்கவில்லை. புருஷனைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை மட்டும்தான் வயர் தானாகக் கழன்றது என்று ரசலையனுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு வண்டியைச் சாக்கு வைத்துப் பிள்ளை நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். மூன்று தடவை இவர் வந்து, வயரை மாட்டிவிட்டு, மருமகனிடம் பல்லைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"என்னவாக்கும் மாமா? இன்னைக்காவது ஓடுமா?" ஜெனோ நிழலில் இருந்தபடியே கேட்டான்.

சுயம்புலிங்கம் வாயைத் திறப்பதற்குள் ரசலையன் பானட்டைப் படாரென்று அடைத்தார்.

"இஞ்சின் போச்சு மருமவனே!" டீக்கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "ஏற்கெனவே பிரிச்சுப் போட்ட பழைய இஞ்சினாக்கும். பாலீஷ் போட்டு ஒங்க தலையில கெட்டிட்டேன். தப்பு எனக்க தப்பு. நானே கெட்டி இழுத்துட்டுப் போறேன். மவளும் எனக்க வீட்டுல வந்து நிக்கட்டு. வண்டி சரியானா பொறவு பாப்போம்."

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெனோவும் சேர்ந்து சிரித்தான். மானம் கப்பலேறியது. ஏறட்டும்.

சுயம்புலிங்கம் அவரைப் பார்த்தான். பெமிலாவைப் பார்த்தான். "ஆமா, போச்சு" என்று சொல்லி, பானட்டை மறுபடி தூக்கி, நீல வயரை முழுதாகப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கட்டி இழுக்க ஒரு ஜீப் தேடிப் போனான்.

"சரியாவ எம்புட்டு நாளாவும்?"

ரசலையன் மகள் கையிலிருந்து பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்தார்.

"அத இப்பச் சொல்ல முடியாது மருமவனே."

பெமிலா ஓடாத வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவை அடைத்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.