கீரிமலை வெளியில் வட்டங்கள்

காருக்குள் ஏறிய சோமசேகரத்தின் முழங்கால் ஸ்ரியரிங்கில் இடித்தது. அவர் முனகிக்கொண்டு சீற்றைப் பின்னுக்குத் தள்ளினார். சொந்தக் காருக்குள் ஒழுங்காக ஏறி இருக்கக்கூடத் தெரியாத இந்த மனிசனைத்தான் அக்கா கட்டப்போகிறாள் என்று நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

மேல்மூடி இல்லாத சிவப்புக் கார் அது. லண்டனுக்குப் போன அவருடைய சித்தப்பா விட்டுவிட்டுப் போனது. இரண்டு பேர்தான் இருக்கலாம். துணைக்குப் போக மூன்றாவது ஆளுக்கு இடமில்லாததால், தாலி ஏறும்வரை அக்கா அதில் ஏறக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டா. அதனால் இன்று பின்னேரம் நான்தான் ஏறினேன்.

என்னை ஏற்றிவிட்டது அப்பா. கீரிமலைக்கு மேற்கே இருக்கிற கடற்கரை வெளியில் அந்தச் சிவப்புக் கார் பின்பக்கத்தை எறிந்து எறிந்து, புழுதி கிளப்பி வட்டமடிக்கிறது என்று எங்கள் அளவெட்டி முழுக்கக் கதை. கடலில் நேவிக்காரன் நின்று கரையைப் பார்த்துச் சுடுகிற நேரத்தில்.

"அவனோடை ஒருக்கால் போய்ப் பாரடா" என்று என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னார். "உண்மையிலை உப்பிடி ஓடுறவன் எண்டால் கலியாணத்தை நிப்பாட்டுறன். வெடி விழுற இடத்திலை விளையாடுறவனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது."

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். போன வருசம்வரை வெள்ளிக்கிழமைகளில் அக்காவைக் கீரிமலைக் கோயிலுக்கு என் சைக்கிளில்தான் கொண்டுபோவேன். கரியரில் இருந்துகொண்டு, "மாட்டு வண்டில் எங்களை முந்துது பார்" என்று வழிநெடுக நக்கலடிப்பாள். சம்பந்தம் பேசிய பிறகு, "நீ இருந்து படி, நான் பஸ்ஸிலை போறன்" என்கிறாள். ஒரு மனிசன் வந்து என் கரியரை வெறுமையாக்கிவிட்டான். அவரை அத்தான் என்று கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

"கடற்கரைப் பக்கம் போவம்" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் திருப்பினார்.

வெளியில் தடங்கள் அப்படியே கிடந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக, பெரிய பெரிய வட்டங்கள்.

"உதென்ன தடம்?"

"ஆரும் பெடியள் மோட்டச்சைக்கிள் ஓடியிருப்பாங்கள்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மோட்டச்சைக்கிளுக்கு நாலு சில்லோ?"

அவருக்குக் காது சிவந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இந்தக் கார் உப்பிடிச் சறுக்குமோ?"

"பின் சில்லு இழுக்கிற கார், தம்பி. பதிஞ்ச உடம்பு, நல்ல எஞ்சின். சறுக்கத்தான் வேணும்."

"அப்ப ஒரு வட்டம் அடியுங்கோவன். பயமெண்டால் விடுங்கோ."

அந்தக் கடைசிச் சொல் வேலை செய்தது. அவர் கடலை ஒருதரம் பார்த்தார். பிறகு காரை நேராக விரட்டி, கைபிறேக்கை இழுத்தார். கார் குத்துப்பட்ட மாடுபோல நின்றது. என் நெற்றி முன்னால் அடிபட்டது. எஞ்சின் செத்துப்போனது.

இரண்டாம் முறை தாழம்பற்றைக்குள் போய் முட்டினோம்.

"கார் உதுக்குச் சரிவராது போலை" என்றார். நடிக்கிறார் என்று நம்பத்தான் விரும்பினேன். ஆனால் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அப்போதுதான் கடல் பக்கத்திலிருந்து படகுச் சத்தம் கேட்டது.

"குனி, குனி." என் தலையைப் பிடித்து அமுக்கி, எனக்கு மேலே தானும் கவிழ்ந்துகொண்டார். அவருடைய நெஞ்சு அடிப்பது என் காதுக்குள் கேட்டது. சத்தம் கிழக்கே போய் ஓயும்வரை அவர் எழும்பவில்லை. இப்போது, இரவு எல்லாரும் படுத்த பிறகும் எனக்கு அந்தப் படகுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

திரும்பி வந்தபோது வீட்டுப் படலையில் அப்பா காத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாதிரி? ஓடுறவனோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கலியாணம் நின்றுவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா என் கரியரில் இருப்பாள். வாயைத் திறந்தேன். தலையில் அந்தக் கையின் பாரம் இன்னும் இருந்தது.

"இல்லை அப்பா. அவருக்கு உது ஏலாது. அந்தக் காரும் சரிவராது. என்ன செய்தாலும் சறுக்குதில்லை, அப்பிடியே நிண்டுபோகுது."

அப்பா நீளமாக மூச்சு விட்டார். "அப்ப சும்மா ஊர்க் கதை. நல்ல பெடியன்தான்."

குசினிக்குள் அக்கா எனக்குப் புட்டுப் போட்டாள். என் நெற்றி வீக்கத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டாள்.

"கைபிறேக்கை எப்ப இழுத்தவர்? ஸ்ரியரிங்கைத் திருப்ப முதலோ, திருப்பின பிறகோ?"

"திருப்ப முதல். ஏன்?"

அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"நான் எத்தினை வெள்ளிக்கிழமை வட்டமடிச்சுக் காட்டியும் உந்த மனிசனுக்கு வருகுதில்லையடா."