யார் கை வெச்சது?

“நட்டைப் பாருங்கக்கா. ஸ்பேனர் வழுக்குன தழும்பு புதுசா இருக்குது. இது நான் போட்டதில்லீங்க. உங்க டிரைவரு வழியில கை வெச்சிருக்காரு.”

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே காளிச்சாமி சத்தமாகச் சொன்னார். கோவிந்தாபுரம் ரோட்டில் இருக்கும் அவருடைய ஒர்க்‌ஷாப்புக்கு அந்த லாரி இருபது நாளில் இரண்டாவது தடவையாக வந்திருந்தது. இரண்டு தடவையும் ஒரே கோளாறு. என்ஜின் ஆயிலின் சூட்டைத் தணிக்கும் கூலருக்குப் போகிற குழாயின் மூட்டில் ஆயில் ஒழுகியது.

லாரியின் ஓனர் கற்பகம் டிரைவர் பக்கம் திரும்பினார்.

“ஏப்பா செங்கோட்டையா, நீ கை வெச்சியா?”

“ஆமாங்கக்கா. வடக்கஞ்சேரி தாண்டுனதும் ஒழுக ஆரம்பிச்சுது. ஓரங்கட்டி, கழட்டிப் பாத்துட்டு மறுபடியும் முடுக்கினனுங்க. அப்புறம் வழியெல்லாம் ஆயில் ஊத்தி ஊத்தித்தான் கொண்டாந்து சேத்தேன்.”

“கேட்டுக்கங்கக்கா!” என்றார் காளிச்சாமி. “வண்டி ஓட்டத்தானே லைசென்ஸ் குடுத்திருக்காங்க? ரிப்பேர் பாக்கவா? நான் மாட்டுன மூட்டு ஒழுகுச்சுன்னு இந்த ரோட்டுல ஒருத்தர் சொல்லட்டும், நாளைக்கே கடையச் சாத்திடறேன்.”

“இளநி லோடு பாதி வழியில நின்னுருச்சு. வியாபாரி போன்ல பேசுன பேச்சு இருக்குதே, காது குடுத்துக் கேக்க முடியல” என்றார் கற்பகம்.



காளிச்சாமி மூட்டைக் கழற்றிக் குழாயின் முனையை இறக்கினார். போன தடவை அவர் போட்ட புது ரப்பர் ரிங் நசுங்கி ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தது. அதை எடுத்தார்.

அதற்கு அடியில் இன்னொரு ரிங் இருந்தது.

பழையது. வெந்து கருத்து, இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருந்தது.

காளிச்சாமிக்குப் புரிந்துவிட்டது. பழையதை எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்து மாட்டியிருக்கிறார். இரண்டு ரிங் இருந்தால் மூட்டு உட்காராது. எவ்வளவு முடுக்கினாலும் ஆயில் வெளியே வரும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம். அன்றைக்குப் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வேலை செய்தது ஞாபகம் வந்தது.

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். பழைய ரிங் கையில் விழுந்தது.

“என்னங்ணா, உள்ள என்ன தெரியுது?” கற்பகம் கேட்டார்.

காளிச்சாமியின் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

“ரிங்கு நசுங்கிப் போச்சுங்கக்கா” என்றார். அது பொய் இல்லை.

“தெரியாத கை பட்டா இப்பிடித்தான்” என்றார். அது பொய்.

மேலே பேச்சு தொடர்ந்தது. படுத்திருந்தவருக்கு இருவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

“சாவியக் குடு.”

“அக்கா, இந்த ஒரு தடவை...”

“ஒரு தடவையில என்ஜின் போயிருந்தா? எட்டு மாசமா வண்டி கிடைக்காம தேங்கா உரிக்கப் போயிட்டிருக்கியேன்னு நம்பிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லோணும்.”

“மறுபடியும் அங்கயே அனுப்பீராதீங்கக்கா.”

செங்கோட்டையன் குனிந்து லாரிக்கு அடியில் ஒரு தடவை பார்த்தார். காளிச்சாமி கண்ணை நட்டின்மேல் வைத்துக்கொண்டார். இவருக்கு என்ன தெரிந்திருக்கும்? கழற்றிப் பார்த்தாலும், கருத்துப்போன ரிங்கை இரும்பென்றுதான் நினைத்திருப்பார். சொல்லிவிடலாம். ஆனால் கற்பகத்தின் மூன்று லாரியும் இந்த ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வருகின்றன. கொஞ்சம் முன்னால் கடையைச் சாத்துவதாக வேறு சவால் விட்டாயிற்று.

சாவிக் கொத்து கைமாறுகிற சத்தம் கேட்டது.

“வேலைய முடிச்சு வைங்ணா. சாயங்காலம் வேற ஆளை அனுப்பறேன். நான் பஸ்ஸுல போயிக்கறேன்.”

கற்பகத்தின் செருப்பு ரோட்டைப் பார்த்து நடந்தது. காளிச்சாமி மூட்டின் பள்ளத்தை விரலால் மூன்று தடவை துடைத்தார். புது ரிங்கில் ஆயில் தடவி உட்கார வைத்தார். முடுக்கினார். முடித்த பிறகும் வெளியே வரவில்லை. முடுக்கிய நட்டையே மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கடைசியில் அவர் வெளியே வந்தபோது செங்கோட்டையன் கேபினிலிருந்து போர்வையையும் தண்ணீர் கேனையும் இறக்கிக்கொண்டிருந்தார்.

“விடு செங்கோட்டையா” என்றார் காளிச்சாமி, அவர் முகத்தைப் பார்க்காமல். “அக்கா கோவமெல்லாம் ரெண்டு நாளைக்குத்தான். நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்.”

செங்கோட்டையன் தண்ணீர் கேனைக் கீழே வைத்தார்.

“ரெண்டு ரிங்கு இருந்ததை நானும் பாத்தனுங்கண்ணா.”

காளிச்சாமி இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

“நான் சொன்னா, தப்பிக்கறதுக்குப் பேசறான்னு போயிரும். அதுதான் ரெண்டையும் இருந்த மாதிரியே வெச்சு முடுக்கிக் கொண்டாந்தேன். உங்க கண்ணுல பட்டுதுன்னா நீங்களே சொல்லீருவீங்கன்னு நம்பிட்டனுங்க.”

சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தார். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அக்கா ஸ்டாப்புலதான் நிக்கறாங்கண்ணா. பஸ்ஸு இன்னும் வரலீங்க.”