பேசும் கொலுசு

பழைய பேட்டரிகளை உருக்கும் ஆலையை மூடுவதற்குப் பதிலாக, பக்கத்து இருளர் குடியிருப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு கொலுசு மாட்டிவிட்டார்கள். ஈயத்தூசி பக்கத்தில் இருந்தால், தேன் சொட்டும் குரலில் அது, "செல்லமே, தள்ளிப் போ" என்று சொல்லும்.

அஞ்சலையின் மகள் பச்சையம்மா வாசலில் உட்கார்ந்தாலும் சொன்னது. அடுப்பருகே விளையாடினாலும் சொன்னது. ஆலை வேலை முடிந்து அஞ்சலை தூக்க வந்தால் இன்னும் சத்தமாகச் சொன்னது. எங்கே போவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வயதாகியும் பச்சையம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

கொலுசைச் சரிபார்க்க ஆலை அதிகாரி வந்திருந்த சாயங்காலம், தூசி படிந்த சேலையோடு அஞ்சலை வந்து கையை நீட்டினாள். கொலுசு வாய் திறப்பதற்குள் குழந்தையே பின்னால் நகர்ந்து, அதே தேன் குரலில் சொன்னது.

"செல்லமே, தள்ளிப் போ."

நீட்டிய கை அப்படியே நின்றது. அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியாம்மா, நம்ம கொலுசு பேசவே கத்துக்குடுத்துடுச்சி. இன்னொரு தபா சொல்லச் சொல்லு, வீடியோ எடுத்துக்கிறேன்."

அஞ்சலை அவரையே பார்த்தாள்.

"அம்மான்னு எப்ப சார் கூப்பிடும்?"

"அதுக்கென்ன, அடுத்த கொலுசுல போட்டுடலாம்."