ஆகாத மருமகள்

"இவளை இப்பவே அனுப்பிடுங்க சார். இந்த வேலை இவளுக்கு ஆகாது."

இவ்வாறு சொன்னது வேறு எவருமல்லர்; அவளுடைய மாமியாரேதான்.

அந்தப் பழத்தோட்டத்தில் நீர்ப்பாசன உதவியாளாக மருமகள் சேர்ந்த முதல் நாள் அது. மோட்டார் ஓடுகையில், அடுத்த பகுதியின் வால்வைத் திறந்த பின்னரே முந்தைய வால்வை மூட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். பதற்றத்தில் அவள் முதலில் மூடிவிட்டாள். போக வழியற்ற நீர், பைப்பின் இணைப்பைப் பிய்த்துக்கொண்டு பீறிட்டது. சலவைச் சட்டையுடன் நின்றிருந்த சூப்பர்வைசரை உச்சி முதல் உள்ளங்கால் வரை நீராட்டிற்று.

அவர் வாயைத் திறக்குமுன், களை எடுத்துக்கொண்டிருந்த மாமியார் முந்திக்கொண்டாள். அடுப்பில் பாலை வைத்தாலும் பொங்கவிட்டு வேடிக்கை பார்க்கிறவள் இவள் என்று தோட்டம் முழுவதும் கேட்க முழங்கினாள்.

சூப்பர்வைசர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரை வச்சுக்கணும், யாரை அனுப்பணும்னு எனக்குத் தெரியும் பெரியம்மா. நீங்க களையைப் பாருங்க."

பிறகு மருமகளிடம் திரும்பி, ஒரு மாதம் பார்ப்பேன், தேறினால் வேலை நிரந்தரம், இல்லையேல் வீட்டுக்கு நடையைக் கட்டலாம் என்றார்.

கணவன் வேலை பார்த்த பட்டறையை இழுத்து மூடிய பின், அவர்கள் வீட்டு அடுப்பு மாமியாரின் களைக்கொத்து ஒன்றை நம்பியே எரிந்தது. இந்த வேலையை விடுவதில்லை என்று மருமகள் உறுதி பூண்டாள்.

சேறடைந்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவினாள். குழாயின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிநீர் வரும்வரை வெயிலில் காத்து நின்றாள். எந்த மரத்தடியில் நீர் சொட்டவில்லை என்று மரம் மரமாகக் குனிந்து பார்த்து, அடைப்பை நீக்கினாள்.

மாமியாரோ விட்டபாடில்லை. நடை நத்தை என்றாள். கண் நொள்ளை என்றாள். அந்த வால்வுக்கு வாயிருந்தால் அழும் என்றாள்.

சாப்பாட்டு வேளையில் மற்றப் பெண்கள் முணுமுணுத்தார்கள். மருமகள் சம்பாதித்தால் தன் அதிகாரம் போய்விடுமே என்ற வயிற்றெரிச்சல் என்றார்கள். ஒருத்தி நேரிலேயே கேட்டுவிட்டாள். என் மருமகள், நான் பேசுவேன், உனக்கென்ன என்று மாமியார் அவள் வாயை அடைத்தாள்.

மாதம் முடிந்த அன்று சூப்பர்வைசர் வந்தார். இம்முறை சற்று எட்டவே நின்றார்.

மருமகள் அடுத்த வால்வைத் திறந்தாள். பைப்பின்மேல் கையை வைத்து, நீர் ஓடும் அதிர்வை உணர்ந்தாள். அதன் பின்னரே முந்தையதை மெல்ல மூடினாள். இணைப்பு இம்மியும் அசையவில்லை.

"ஒரு நாள் ஒழுங்கா செஞ்சா போதுமா சார்? நல்லா யோசிச்சுக்குங்க" என்றாள் மாமியார்.

"யோசிச்சாச்சு. நாளையிலேருந்து இவங்க நிரந்தரம். பார்க்கப் பிடிக்கலைன்னா கண்ணை மூடிக்குங்க."

வீடு திரும்பும் வழியில், தெருமுனை வரை பொறுத்திருந்த மருமகள் உடைந்துபோனாள்.

"உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன் அத்தை? நாலு பேர் முன்னாடி ஒரு நாளாவது நல்லதா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மாமியார் திரும்பிப் பார்த்தாள். தோட்டத்து ஆட்கள் எவரும் பின்னால் வரவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லிப் பார்த்தவதான்டி நான். என் தங்கச்சி மகளை நல்லாச் செய்வான்னு சொன்னேன், வாசலோட அனுப்பிட்டான் அந்த சூப்பர்வைசர். பக்கத்து வீட்டுக்காரியைச் சொன்னேன்; அவளையும் அனுப்பிட்டான். நான் கிழக்குன்னா அவன் மேற்கும்பான். உன்னையும் நல்லவன்னு சொல்லி வீட்டுல உட்கார வைக்கச் சொல்றியா?"

மருமகள் நடக்க மறந்து நின்றாள்.

"நாளைக்கும் திட்டுவேன்" என்றாள் மாமியார். "மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்க. சிரிச்சுத் தொலைச்சுடாதே."