பொனியின் முறம்

"அகதியா வந்தவகிட்டப் போய்க் கைநீட்டுறாளே, இவளுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?"

ஞாயிறு ஆராதனை முடிந்து மாமரத்தடியில் கூடிய மாதர் சங்கத்தில் இதுதான் பேச்சு. தலைவி அயிக்கோருவுக்குப் பொறுக்கவில்லை.

சண்டைக்குத் தப்பி, தெற்கு சூடானிலிருந்து மூன்று பிள்ளைகளோடு எல்லை தாண்டி வந்தவள் பொனி. அவளை அரூவா நகரத்து ஓரத்தில் இருந்த இந்தச் சபைதான் பொறுப்பேற்றுக் குடிவைத்தது. பாய், பானை, உலக்கை, மரவள்ளி மாவு, பிள்ளைகளுக்குச் சட்டை என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வீட்டை நிரப்பினார்கள். ஒரு துரும்பும் தராதவள் ஒன்சிரு ஒருத்திதான். அதுவும் பக்கத்து வீட்டுக்காரி!

தராதது போகட்டும்.

"முதல்ல முறத்தை வாங்கிட்டுப் போனா. அந்தப் பொண்ணு ஊர்லேருந்து தலையில கவுத்துக்கிட்டு வந்தது அது ஒண்ணுதான்."

"அப்புறம் உலக்கை."

"நேத்து எள்ளு வறுக்கற சட்டி."

"விட்டா அடுப்புக் கல்லையும் பேத்துக்கிட்டுப் போவா!"

எல்லாரும் சிரித்தார்கள். அயிக்கோரு சிரிக்கவில்லை.

போன வருஷம் வேறொரு குடும்பத்தை இதே வீட்டில் வைத்தார்கள். அவர்களுக்கும் எல்லாம் கொடுத்தார்கள். பதினைந்தாம் நாள் வீடு காலி. கொடுத்த சாமானையெல்லாம் கழுவி அடுக்கிவைத்துவிட்டு, சண்டை நடக்கிற இடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. என்ன குறை வைத்தோம் என்று அயிக்கோரு இன்னும் மருகிக்கொண்டிருக்கிறாள். பொனியையும் இந்த ஒன்சிரு துரத்திவிடுவாளோ?

"சங்கத்திலேருந்து அவ பேரை எடுத்துடறேன்" என்று எழுந்து நேராகப் பொனி வீட்டுக்கு நடந்தாள்.

பொனி வாசலில் தட்டைப்பயறுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"தப்பா நினைச்சுக்காத பொனி. ஒன்சிரு என்னென்ன எடுத்துட்டுப் போயிருக்கான்னு சொல்லு. ஒரே நடையில எல்லாத்தையும் வாங்கிட்டு வந்துடறேன்."

பொனி பதறிவிட்டாள். "ஐயோ, வேணாங்க்கா! வாங்கிடாதீங்க."

"எதுக்குப் பயப்படற? நான் இருக்கேன்ல?"

"பயம் இல்லக்கா." பொனி கீரையைக் கீழே வைத்தாள். "வந்த அஞ்சாம் நாளே நான் மூட்டை கட்டிட்டேன்."

"ஏம்மா? நாங்க என்ன குறை..."

"ஒரு குறையும் இல்ல. நீங்க செஞ்சதை நான் உயிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா பொழுது விடிஞ்சா பொழுது போனா, வாங்கிக்கிட்டு நன்றி, வாங்கிக்கிட்டு நன்றின்னு ஒரு மனுசி எத்தனை நாள் இருப்பா? ஊர்ல நான் நாலு பேருக்குக் கொடுத்து வாழ்ந்தவக்கா. குண்டு விழுந்தாலும் பரவாயில்ல, என் வீட்டுக்கே போயிடலாம்னு ஆயிடுச்சு."

அயிக்கோரு முக்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"பிள்ளைங்களைக் கிளப்பிட்டிருக்கேன், ஒன்சிரு உள்ள வந்தா. மூட்டையைப் பார்த்தா. ஒரு வார்த்தை கேக்கல. 'கேழ்வரகு புடைக்கணும், உன் முறத்தைக் கொடு'ன்னு அவளே மூட்டையிலேருந்து உருவிக்கிட்டுப் போயிட்டா. அதை விட்டுட்டு எப்படிக்கா போறது? மறுநாள் முறத்தைக் கொடுக்கும்போதே உலக்கையைக் கேட்டா. உலக்கையோட வந்தப்ப சட்டியைக் கேட்டா. எந்நேரமும் என் பொருள் ஒண்ணு அவ வீட்ல இருக்கு. கிளம்ப ஒரு நாள் அமையவே இல்ல. இப்ப போகணும்னும் தோணல."

அயிக்கோருவின் கண் நிறைந்துவிட்டது. போன வருஷக் குடும்பத்திடம் ஒருவர்கூட ஒரு சிட்டிகை உப்பு கேட்டதில்லை.

"இப்பவே போய் அவ கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்" என்று எழுந்தாள்.

பொனி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"சொல்லிடாதீங்கக்கா, அப்புறம் கேக்கறதை நிறுத்திடுவா. நேத்து சும்மா அவ வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தேன். சுவர்ல நாலு முறம் தொங்குது."