தொட்டுப் பார்த்து வாங்கிய வண்டி

பாம்பு கடித்த ஒச்சப்பனை நாலு சக்கர மலை பைக்கின் பின் கேரியரில் உட்கார வைத்துத் துண்டால் கட்டியாயிற்று. ஏலத்தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கும் பாதையில் அந்த வண்டியைத் தவிர வேறு எதுவும் போகாது. அதுவோ கிளம்பவில்லை. டிரைவர் தவசி ப்ளக்கைக் கழற்றினான், பொறி வந்தது. பெட்ரோலும் வந்தது. ப்ளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு என்ஜினைச் சுற்றினான். விரலைத் தள்ளவேண்டிய காற்று ஒப்புக்கு முட்டிவிட்டுப் போனது.

"கம்ப்ரஷனே இல்ல சார். சூடானாத்தான் பிடிக்கும். வாங்கையில என்ஜினைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாக்காம? வெதுவெதுன்னு இருந்துச்சு. நல்லா ஓடுற வண்டின்னு நெனச்சேன்" என்றார் சூப்பர்வைசர் ஞானராஜ். பழைய வண்டி வாங்குவதில் தன்னை எவனும் ஏய்க்க முடியாது என்று சொல்லித் திரிபவர்.

"நீங்க வர்றதுக்கு முன்னாலயே வித்தவன் ஓட்டிச் சூடேத்தி வச்சிருக்கான். பின்ன, ஆரத்தியா எடுப்பான்?"

ஒச்சப்பனின் மனைவி பவுனுத்தாயி வீட்டுக்கு ஓடி, கொதிக்கும் உலைத்தண்ணீரைப் பானையோடு கொண்டுவந்தாள். தவசி ப்ளக்கை மாட்டி, தண்ணீரை என்ஜின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டு முடுக்கினான். இருமி, புகைந்து, வண்டி பிடித்துக்கொண்டது.

"ஏறும்மா, ஏறு!" ஞானராஜ் கத்தினார்.

அவள் ஏறி உட்கார்ந்து, கணவனின் மார்பில் காதை வைத்தாள். வண்டி குலுங்கியதில் அவன் தலையும் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு நிமிசம் அணைங்கண்ணே. இந்தச் சத்தத்துல உசுரு இருக்கா இல்லையான்னே தெரியல."

தவசி திரும்பிப் பார்க்காமல் கியரைப் போட்டான்.